அம்மா நிரப்பிய பலூன்கள்

மைசூரில் ஒரு காலத்தில் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்று வந்துகொண்டிருந்தது என்று சொன்னால் என் பேரன்மார் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அதில் படக்கதை வந்தது, அந்தப் படக்கதையில் யார் வாயைத் திறந்தாலும் வந்தது என் அம்மாவின் பேச்சு என்று சொன்னால் சிரிப்பை நிறுத்திவிட்டு, நிஜமாகவா என்று கேட்கிறார்கள். நிஜந்தான். எனக்கு இதில் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. இந்த வயதில் அடக்கத்தைக் கட்டிக்கொண்டு என்ன ஆகப்போகிறது?

அப்போது மகாராஜா ஆட்சி. எனக்கு ஒன்பது வயது. சாமுண்டிபுரத்தில் வாடகை வீடு. அப்பா ஒரு ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார். அப்பாவின் இங்கிலீஷ் எங்கள் தெரு முழுக்கப் பிரசித்தம். தாலுகா அமல்தாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும், வந்த தந்தியைப் படிக்க வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். தந்தியைப் பிரிக்குமுன் அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைப்பார். சாவுத் தந்தியானாலும் துடைத்துவிட்டுத்தான் படிப்பார். அம்மா மேல்கோட்டைப் பெண். தமிழ் எழுதுவாள், கன்னடம் படிப்பாள், இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. அப்பா பேசும்போது அம்மா கேட்பாள். அதுதான் எங்கள் வீட்டு நடைமுறை. எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்திரிகை சந்தேபேட்டையில் ஒரு சின்ன அச்சகத்திலிருந்து வந்தது. முதலாளியும் ஆசிரியரும் ஒருவரே. அப்பாவின் சிநேகிதர். நான் அவரை எடிட்டர் மாமா என்று கூப்பிடுவேன். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் கட்டுகள் ஏறும். பெங்களூரில் பட்டாளத்தார் இருந்த தண்டு, கோலார் தங்கவயல், நஞ்சன்கூடு என்று தமிழ் படிக்கிறவர்கள் இருந்த இடங்களுக்கெல்லாம் போகும். கொள்ளேகாலத்துக்கு மட்டும் மாட்டுவண்டியும் பஸ்ஸுமாக மாறி மாறிப் போகும்.

ஒருநாள் எடிட்டர் மாமா தரையில் கால் பாவாமல் வந்தார். பம்பாயில் ஓர் ஏஜெண்டு மூலமாகப் படக்கதை வாங்கிவிட்டாராம். கதையை வரைகிறவன் அமெரிக்காவில் இருக்கிறான். அவன் ஒருதரம் வரைந்தால் போதும், அவனுடைய கம்பெனி அதை ஊர் ஊராகப் பத்திரிகைகளுக்கு விற்றுவிடும். லண்டனில் ஒரு பத்திரிகை, சிட்னியில் ஒரு பத்திரிகை, ஆப்பிரிக்காவில் ஏதோ பட்டணத்தில் இன்னொன்று. பலபேருக்கு விற்பதனால் இவரைப் போன்ற சின்ன மனிதராலும் வாங்க முடிந்தது. "லண்டன்காரன் பாக்கற அதே படத்தை நம்ம சந்தேபேட்டைக்காரனும் பாப்பான் சார்" என்றார். ஏஜெண்டு இரண்டு நிபந்தனை போட்டிருந்தான். ஒரு படத்தையும் வெட்டக்கூடாது, ஒரு வாரமும் விடக்கூடாது. மீறினால் கதை பெங்களூரில் வேறொரு பத்திரிகைக்குப் போய்விடும்.

தபாலில் வந்தது படமல்ல, தடித்த காகித அட்டை. அதில் படம் குழியாக இறங்கியிருக்கும். ஈயத்தை உருக்கி அதன்மேல் ஊற்றினால் ஈயத் தகட்டில் படம் எழும்பி வரும். அதில் மை தடவி அச்சடிக்க வேண்டியதுதான். பிற பாஷைக்காரர்களுக்கு அனுப்பும் அட்டைகளில், பேசுகிறவர் வாய்க்குப் பக்கத்தில் ஒரு வெற்று வட்டம் இருக்கும். அதற்குப் பலூன் என்று பெயர். யார் என்ன பேசுகிறார்கள் என்பது இங்கிலீஷில் டைப் அடித்துத் தனித்தாளில் வரும். அதைத் தமிழாக்கி, இருப்பதற்குள் சின்ன எழுத்தாகக் கோத்து, பலூனுக்குள் பொருத்த வேண்டும். தமிழாக்குவதற்கு அப்பாவை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து முதல் வாரத்தை எழுதினார். தொப்பி போட்ட ஓர் இளைஞனும் கவுன் போட்ட ஒரு பெண்ணும் காட்டில் திகைத்து நிற்கிற படம். அவன் வாய்க்குப் பக்கத்தில் மொச்சைக்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பலூன். அதற்கு அப்பா எழுதியது: "அந்தோ, இப்பெருங்கானகத்தினூடே யாம் வழிதவறிவிட்டோமோவென அஞ்சுகின்றேன்."

செவ்வாய்க்கிழமை, எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் அந்தத் தாளையும், படத்தை ஒருதரம் அச்சடித்துப் பார்த்த புரூபையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கொள்ளேகாலம் பக்கத்து மனிதர். சாதுவானவர், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் போகமாட்டார்.

"வாத்தியாருங்க, இந்தப் பலூனுக்குள்ள பத்துப் பன்னெண்டு எழுத்துதானுங்க புடிக்கும். நீங்க எழுதியிருக்கறதைப் போட்டா அந்தப் புள்ள மூஞ்சியை மறைச்சுப்போட்டு மரத்து மேல ஏறிக்குமுங்க."

அப்பா கண்ணாடியைத் துடைத்தார். அம்மா குழம்புக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "காட்டுல வழி தெரியாம முழிக்கறதுகளா? 'வழி தவறிவிட்டோம்'னா போறாதோ?" என்றாள்.

கம்பாசிட்டர் விரல் விட்டு எண்ணினார். "ஒம்பது எழுத்துங்க. இன்னும் எடமிருக்குதுங்க."

அடுத்த பலூனுக்கு அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா புரூபைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஏன்னா, இவா ரெண்டு பேரும் யாரு? அது தெரிஞ்சாத்தானே பேச்சு வரும்" என்று கேட்டாள். அப்பா கையிலிருந்த இங்கிலீஷ் தாளில் முதல் வரியிலேயே டார்லிங் என்று இருந்திருக்கிறது. அப்பா தாளைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற கம்பாசிட்டரைப் பார்த்தார், வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். கல்யாணமாகாத ஒருத்தனும் ஒருத்தியும் தனியாகக் காட்டில் திரிகிறார்கள் என்பதை எப்படிச் சொல்வது? "கூடப் பிறந்தவா" என்றார். "அண்ணன், தங்கை."

அவ்வளவுதான் நடந்தது. அம்மா அந்த இரண்டு பேருக்கும் சம்பத், கோமளம் என்று பெயர் வைத்தாள். சம்பத் காட்டிலாகா அதிகாரி, அதனால் தொப்பி. கோமளம் கான்வென்ட்டில் படித்தவள், அதனால் கவுன். காணாமல் போன யாரையோ தேடிக் கப்பல் ஏறிக் காட்டுக்கு வந்திருக்கிறார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து அப்பா இங்கிலீஷ் தாளைப் பிரிப்பதையே விட்டுவிட்டார். வந்ததும் மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிடுவார். புரூபை அம்மாவிடம் கொடுப்பார். அம்மா படத்தைப் பார்ப்பாள், கதை தானாக வரும்.

செவ்வாய்க்கிழமைகளில் அம்மா வேறு மனுஷியாக இருப்பாள். பத்து மணிக்கெல்லாம் சமையலை முடித்துவிட்டுத் தரையில் புரூபை விரித்து உட்காருவாள். பக்கத்தில் ஒரு பிடி துவரம்பருப்பு. ஒரு பேச்சைத் தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பாள். எழுத்துக்கு ஒரு பருப்பு வைப்பாள். பன்னிரண்டைத் தாண்டினால், "இவளுக்கு வாய் ஜாஸ்தி" என்று சொல்லி ஏதாவது ஒரு வார்த்தையைத் தள்ளுவாள். சம்பத்தின் பேச்சைத் தடித்த குரலிலும் கோமளத்தின் பேச்சைக் கீச்சுக்குரலிலும் சொல்வாள். முதலைக்குக்கூட ஒருதரம் பேச்சு கொடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பருப்பை எண்ணுவேன். அவ்வளவு சந்தோஷமாக அம்மாவை வேறு எந்த நாளிலும் நான் பார்த்ததில்லை, தீபாவளி உள்பட.

பெயர் மட்டும் அப்பாவுக்குப் போயிற்று. பத்திரிகையில் யார் பெயரும் போடவில்லை, ஆனால் எழுதுகிறவர் வாத்தியார் என்று ஊருக்கே தெரியும். கடைத்தெருவில், "வாத்தியாரே, இந்த வாரம் கோமளம் என்னமாப் பேசிட்டா" என்பார்கள். அப்பா, "ஏதோ" என்பார். அந்த "ஏதோ"வைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அம்மாவிடம் போய்ச் சொன்னால், "போடி, யார் எழுதினா என்ன, படிக்கறா இல்லையா?" என்று சிரித்துவிடுவாள்.

படித்தார்கள், அதில் சந்தேகமே இல்லை. அண்ணன் தங்கைப் பாசம் என்றால் சம்பத்தும் கோமளமும்தான் என்று ஆகிவிட்டது. தங்கவயலிலிருந்து ஒருவர், மனஸ்தாபத்தில் பேசாமலிருந்த தன் தங்கையின் வீட்டுக்கு இந்தக் கதையைப் படித்துவிட்டுப் போனதாக எழுதியிருந்தார். எங்கள் பக்கத்தில் கௌரிப் பண்டிகைக்குக் கூடப்பிறந்த பெண்களுக்குச் சீர் செய்வது வழக்கம். அந்த வருஷம் நஞ்சன்கூட்டிலிருந்து ஒரு மாமி, கோமளத்துக்கென்று ரவிக்கைத்துணியும் மஞ்சள் குங்குமமும் அச்சகத்துக்கே அனுப்பிவிட்டாள். எடிட்டர் மாமா அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதை வாங்கி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் வைத்தாள்.

பண்டிகை கழிந்து பத்து நாள் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எடிட்டர் மாமா வந்தார். முகம் வெளுத்திருந்தது. பின்னால் கம்பாசிட்டர், கையில் ஒரு கட்டுப் புரூபோடு. அட்டைகள் எட்டு வாரத்துக்கு ஒரு பார்சலாக வரும். வழக்கமாக அந்தந்த வாரத்தை மட்டும் வார்ப்பார்கள். இந்தத் தரம் கதை எட்டு வாரத்தில் முடிகிறது என்று ஏஜெண்டு எழுதியிருந்ததால், முடிவு எப்படி என்று பார்க்க எட்டையும் ஒரே மூச்சில் வார்த்துவிட்டார்கள்.

"ஏனு சார் இது?" என்று பதற்றத்தில் கன்னடத்திலேயே கேட்டு எடிட்டர் மாமா கடைசி மூன்று புரூபையும் அப்பா முன்னால் போட்டார். ஒன்றில் சம்பத் மண்டியிட்டு ஒரு மோதிரத்தை நீட்டுகிறான். அடுத்ததில் இரண்டு பேர் முகமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைசியில் அவள் முக்காடும் பூங்கொத்துமாக அவனோடு படியிறங்கி வருகிறாள். நான் எட்டிப் பார்த்தேன். அப்பா கையை விரித்து நடுப்படத்தை மூடினார்.

"அண்ணன் தங்கைன்னு ஊரெல்லாம் கொண்டாடிண்டிருக்கா. கௌரிக்குச் சீர் வந்திருக்கு. இதை நான் எப்படி சார் போடுவேன்? அச்சாபீஸைக் கொளுத்திடுவா. வெட்டவும் முடியாது, விடவும் முடியாது." எடிட்டர் மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முதல் வாரத்துத் தாளோட காப்பி ஒண்ணு அச்சாபீஸ்ல கிடந்தது, எடுத்துப் பாத்தேன். முதல் வரியிலேயே டார்லிங்னு இருக்கு. நீங்க படிச்சுட்டுத்தானே எழுதினேள்?"

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் முடிவு பண்ணிட்டேன். இந்த வாரத்தோட நிறுத்திடறேன். அட்டையெல்லாம் பம்பாய்க்கே திரும்பிப் போகட்டும். இனிமே படக்கதையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

சமையலறைக் கதவுக்குப் பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை நான்தான் பார்த்தேன். யாரோ இறந்துபோன செய்தி கேட்டவள் மாதிரி இருந்தாள். இனிமேல் செவ்வாய்க்கிழமை கிடையாது என்பது எனக்குக்கூடப் புரிந்தது.

எடிட்டர் மாமா கடைசியாக ஒருதரம் கெஞ்சுவது போலக் கேட்டார். "இவ்வளவு நன்னா எழுதினவர் நீங்க. இதுக்கு ஒரு வழி பண்ண உங்களால ஆகாதா சார்?"

"என்னால ஆகாது" என்றார் அப்பா.

எனக்கு என்ன தோன்றிற்றோ, "அம்மாவால ஆகும்" என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற வயதா அது? "எல்லாம் அம்மாதான் எழுதறா. அப்பா ஒண்ணுமே எழுதலை. அப்பா எழுதினது பலூனுக்குள்ளயே போகலை."

கம்பாசிட்டர் தரையைப் பார்த்தார். அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும், பாவம், ஒருவரிடமும் சொன்னதில்லை. எடிட்டர் மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் காது மடல் சிவந்துவிட்டது. அடிப்பார் என்று நினைத்து நான் தூண் பக்கம் நகர்ந்தேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஆமாம்" என்றார்.

எடிட்டர் மாமா நல்ல மனிதர். ஒருகணம் யோசித்துவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பி, "என்னம்மா பண்ணலாம்?" என்று கேட்டார்.

அந்தக் காலத்தில் அந்நிய ஆண்பிள்ளையோடு அம்மா நேரே பேசமாட்டாள். கதவுக்குப் பின்னாலிருந்தே, "எட்டையும் வரிசையாப் பாக்கணும்னு மாமாட்ட சொல்லுடி" என்றாள். நான் சொன்னேன். கம்பாசிட்டர் எட்டு புரூபையும் கூடத்தில் வரிசையாக விரித்துவிட்டு ஒதுங்கினார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். கடைசிப் படத்தில் நின்றாள்.

"இவாள்ளாம் என்னத்தைப் போடறா தலைமேல? அரிசியா?"

அப்பா பார்த்தார். "ஆமாம், அரிசிதான். அவா வழக்கம், கல்யாணத்துல போடுவா."

"அட்சதை" என்றாள் அம்மா. அவள் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். "அந்த ஊர்லயும் அட்சதை உண்டா? அப்போ இது கல்யாணம். முறையான கல்யாணம். எல்லாரும் நிக்கறா பாருங்கோ, பெரியவாள்ளாம் சந்தோஷமா இருக்கா. அண்ணன் தங்கையா இருந்தா அட்சதை போடுவாளா?" மாமாட்ட சொல்லு என்று சொல்வதெல்லாம் மறந்துபோய் எடிட்டர் மாமாவிடம் நேராகவே பேசினாள். "இதுகள் அண்ணன் தங்கையே இல்லை. முறைப் பொண்ணு. அவ இவனோட அம்மான் பொண்ணு."

"நாலு மாசமா அண்ணா அண்ணான்னு கூப்பிட்டாளேம்மா" என்றார் எடிட்டர் மாமா.

"கூப்பிடாம? கல்யாணமாகாத பொண்ணு, கப்பல்ல அத்தனை பேர் முன்னாடி அத்தான்கூட வந்திருக்கேன்னா சொல்லுவா? நாலுபேர் என்ன நினைப்பாளோன்னு அண்ணன்னு சொல்லிண்டுட்டா. நீங்களும் நானும் அப்படித்தானே சொல்லுவோம்?"

அம்மா அதை யாரையும் குத்திச் சொல்லவில்லை. ஆனால் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெள்ளை மீசைக் கிழவர் ஒருவர் இரண்டாவது வாரத்தில் ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோமளத்தைச் சுட்டிக்காட்டுகிறார். அமெரிக்காக்காரன் கதையில் அவர் வக்கீலோ மாலுமியோ, எனக்குத் தெரியாது. அம்மா கதையில் அவர்தான் இத்தனை நாள் தேடிய அம்மான், கோமளத்தின் அப்பா. அவருக்கு இரண்டே பேச்சு: "இவள் என் பெண்." "இவன் அக்காள் மகன்." ஏழு பருப்பு, பத்துப் பருப்பு. கோமளம் கப்பல் தலைவனைப் பார்த்துச் சொல்வது: "பயந்து அண்ணா என்றேன்." பக்கத்தில் இன்னொரு சின்னப் பலூன் காலியாக இருந்தது. அம்மா வெகுநேரம் யோசித்து அதில் எழுதியது: "வாய்தான் சொன்னது."

முன்னால் வந்த இதழ்களையெல்லாம் எடுத்து வைத்து அம்மா ஒரு படம் விடாமல் சரிபார்த்தாள். கோமளம் அண்ணா என்று கூப்பிட்ட இடத்திலெல்லாம் அந்நியர் யாராவது இருக்கிறார்களா? கூலிக்காரன் இருந்தான், மாலுமி இருந்தான், ஓரிடத்தில் பாதிரி இருந்தார். ஒரே ஒரு படத்தில் மட்டும் படகில் அவர்கள் இருவர்தான். அம்மா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள். கம்பாசிட்டர்தான் விரலை வைத்துக் காட்டினார். "அம்மிணி, இங்க பாருங்க. துடுப்பு ரெண்டு பேர் கையிலயும் இல்லீங்க. தள்றவன் படத்துக்கு வெளியில இருக்கானுங்க."

மிச்சமிருந்தது அந்த ஒட்டிக்கொண்ட முகங்கள். முறைப்பெண்ணே ஆனாலும் அதைக் குடும்பப் பத்திரிகையில் போட முடியாது, வெட்டவும் முடியாது. என்னை வெளியே போகச் சொன்னார்கள். நான் கதவிடுக்கில் நின்றேன். அப்பாவும் எடிட்டர் மாமாவும் இருமினார்கள். கம்பாசிட்டர் மேற்கூரையை ஆராய்ந்தார். அம்மா சாவதானமாக, "கண்ணுல தூசி விழுந்திருக்கு, ஊதறான்" என்றாள். "கண்ணைத் திற, ஊதுகிறேன்" என்று பலூனில் வந்தது. தூசி என்று நம்பினவர்கள் நம்பினார்கள். நம்பாதவர்களால் புகார் எழுத முடியவில்லை, எழுதினால் தாங்கள் என்ன நினைத்தோம் என்று சொல்ல வேண்டிவரும்.

அச்சகத்தை யாரும் கொளுத்தவில்லை. நஞ்சன்கூட்டு மாமி, தனக்கு முன்னமே சந்தேகம் இருந்தது, கூடப்பிறந்தவள் அண்ணனை இவ்வளவு மரியாதையாகப் பேசுவாளா என்று எழுதி, கோமளத்துக்குக் கூறைப்புடவை எடுக்க வேண்டும் என்று ஆசி அனுப்பினாள். தங்கவயல்காரர் தங்கையோடு சமாதானமானதைத் திருப்பிக்கொள்ளவில்லை. படகைப் பற்றி மட்டும் ஒரு கடிதம் வந்தது. துடுப்பைப் பார்க்கவும் என்று எடிட்டர் மாமா பதில் போட்டார். கடைசி வாரத்து இதழ் மறுபடியும் அச்சடிக்கும்படி ஆயிற்று.

விஷயம் பம்பாய்க்குப் போயிற்று. கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகை இதே கதையைக் கேட்டிருக்கிறது, பினாங்கிலும் ஒன்று. புதிதாக மொழிபெயர்ப்பானேன், மைசூரில் செய்ததையே வாங்கிக்கொள்ளலாம் என்று ஏஜெண்டு எழுதினான். அமெரிக்காவில் ஒருவன் ஒருதரம் வரைந்தது ஊர் ஊராகப் போன மாதிரி, எங்கள் சமையலறைத் தரையில் பருப்பு வைத்து எண்ணியது கடல் தாண்டப் போகிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் வாய் ஓயாமல் சொல்லித் திரிந்தேன். ஆனால் ஏஜெண்டு ஒன்று கேட்டிருந்தான். தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வரிக்கு வரி இங்கிலீஷில் அனுப்ப வேண்டும், கம்பெனி பார்த்துச் சம்மதிக்க வேண்டும்.

எடிட்டர் மாமாவுக்கு இதில் சங்கடமே இல்லை. "அவா அனுப்பின இங்கிலீஷ் தாள் அத்தனையும் உங்க மேஜைலதானே கிடக்கு? அதையே காப்பி பண்ணித் திருப்பி அனுப்பிடுங்கோ சார். தமிழ் தெரிஞ்சவன் அங்க எவன் இருக்கான்?"

"அது இவ எழுதினது இல்லையே" என்றார் அப்பா.

"கதையை மாத்தினது தெரிஞ்சா மாட்டிண்டுடுவோம்."

"மாட்டிண்டா மாட்டிண்டுட்டுப் போறோம். இவ என்ன எழுதினாளோ அதுதான் போகும்."

மறுநாளிலிருந்து அப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூடத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். அம்மாவின் பலூன் ஒவ்வொன்றும் இங்கிலீஷில். ஒவ்வொரு தாளின் அடியிலும் அம்மாவின் பெயர். அம்மான் பெண் என்றால் யார், அத்தான் என்றால் யார், ஏன் அந்தக் கல்யாணம் முறை என்பதற்கு மட்டும் இரண்டு பக்கம் விளக்கம். எனக்கு அப்பாமேல் தாங்கமுடியாத கோபம். மேஜையில் எல்லாம் தயாராகக் கிடக்க, வேலையற்ற வேலை. அம்மாவை வேண்டுமென்றே மாட்டிவைக்கிறார் என்று நினைத்தேன். நான் போட்டு உடைத்ததற்காக எடிட்டர் மாமா அப்பாவுக்கு இம்போசிஷன் கொடுத்திருக்கிறார் என்றும் ஒருநாள் நினைத்தேன்.

அவர்கள் மாட்டிக்கொள்ளவில்லை. கம்பெனிக்காரன் இரண்டு மாதம் கழித்துச் சம்மதம் என்று எழுதினான், அந்த இரண்டு பக்க விளக்கத்துக்குத் தனியாக நன்றி சொல்லி. கொழும்பிலும் பினாங்கிலும் கதை வந்தது. கொழும்புப் பத்திரிகையில் படத்துக்கு அடியில், தமிழ் வசனம் என்று போட்டு அம்மாவின் பெயர் இருந்தது. அடுத்த கதைக்கு மைசூரிலும் போட்டார்கள். எங்கள் தெருவில் அச்சில் பெயர் வந்த முதல் ஸ்திரீ என் அம்மா. இதை நான் யாரிடமும் குரலைத் தாழ்த்திச் சொன்னதில்லை.

ஆனால் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது கொழும்புப் பத்திரிகை அல்ல. அப்பா எழுதிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு சாயங்காலம். "வாய்தான் சொன்னது" என்ற இடத்தில் அப்பா நின்றுவிட்டார். ஓர் இங்கிலீஷ் வரி எழுதினார், அடித்தார். இன்னொன்று எழுதினார், அதையும் அடித்தார். நாலைந்து அடித்துவிட்டுச் சமையலறையைப் பார்த்து, "கொஞ்சம் இங்க வாயேன்" என்றார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கோமளம் இதைச் சொல்றச்சே அவ மனசுல என்ன இருக்கு? எனக்குப் பிடிபடலை."

அம்மா அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். சொல்ல ஆரம்பித்தாள். கப்பலில் கோமளத்துக்கு இருந்த பயம், அத்தான் கைகொடுத்து இறக்கிவிட்டபோது அவள் பேச நினைத்து விழுங்கியது, அண்ணா என்று சொல்லும்போதெல்லாம் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது, இப்படி எந்தப் பலூனிலும் வராத எத்தனையோ. அடுப்பில் ரசம் சுண்டிக்கொண்டிருந்தது. அப்பா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் இரண்டு தரம் போய், "அம்மா, பசிக்கறது" என்றேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது. கேட்டது ஒரு வரிக்கு அர்த்தம், அதற்கு இவ்வளவு நேரமா என்று எரிச்சலாகவும் இருந்தது. அம்மா பேசி அப்பா கேட்டு நான் அதுவரை பார்த்ததே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இலையை நானே போட்டுக்கொண்டு, சாதத்தை நானே பரிமாறிக்கொண்டு, சமையலறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.